எழுபத்தொரு அலகு வளர்ச்சி

கல்லூரி திறந்த முதல் நாள், கட்டுரை வகுப்பின் முப்பத்திரண்டு மாணவர்களில் முப்பத்தொரு பேர் தங்களால் முடிந்த அளவுக்கு மோசமாக எழுதினார்கள். சிலர் வாக்கியத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். ஒருவர் தன் பெயரையே இரண்டு விதமாக எழுதிவைத்தார். தமயந்தி என்ற பெண் இதற்காக விடுமுறை முழுவதும் தனிப்பயிற்சிக்குப் போய்வந்தவள். அவள் எழுதிய ஒன்றரைப் பக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. பேராசிரியர் அமிர்தகடேசன் மேசைகளுக்கு நடுவே நடந்தபடி எல்லாவற்றையும் திருப்தியோடு எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

கடைசி வரிசையில் அவர் நின்றுவிட்டார். அங்கே பிலோமினா, நாற்பத்திரண்டு வயது, தலையை நிமிர்த்தாமல் நன்றாக எழுதிக்கொண்டிருந்தாள்.

முத்துக்குழியில் இப்படி ஓர் ஆள் பல ஆண்டுகளாக அகப்பட்டதில்லை. நிலவின் தென்முனைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளத்தை மூடிக் கட்டிய ஊர் அது. தூத்துக்குடிக் கடற்கரைக்காரர்கள்தான் முதலில் வந்து குடியேறினார்கள். பெயரும் அவர்கள் வைத்ததுதான். மூவாயிரம் பேர் இருந்தார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்று மூச்சாலை என்ற இடத்தில் தயாராகி, குழாய் வழியாக வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு போனது. பிலோமினா அந்த மூச்சாலையில் பதினெட்டு ஆண்டுகளாக வால்வு பார்க்கிறவள்.

முத்துக்குழி நிர்வாகம் வாயால் சொல்லும் எதையும் கேட்காது. பேசப் பேசக் காற்று செலவாகும் என்று முதல் தலைமுறையில் யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்த விதி அது. சொல்ல வேண்டியதை எழுதித் தர வேண்டும். எல்லாரும் எழுதினால் யார் படிப்பது என்ற கேள்வி வந்தபோது, கட்டுரைச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் மட்டும் எழுதலாம் என்று இன்னொரு விதி வந்தது. பண்டகசாலையிலிருந்து ஓர் ஆணி வேண்டுமென்றாலும் சான்றிதழ்காரர் கையெழுத்திட்ட அறிக்கை வேண்டும். மூச்சாலையின் சான்றிதழ்காரர் ஓய்வு பெற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த மூன்று ஆண்டுகளும் ஏழாம் வால்வின் ரப்பர் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக வெடித்துக்கொண்டு வந்தது. பிலோமினா போய்ச் சொன்னாள், திரும்பவும் போய்ச் சொன்னாள், எழுதிக் கொண்டு வா என்றார்கள். அதற்காகத்தான் இந்த வயதில் இருபது வயதுப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

'நான் பார்க்கும் உலகம்' என்பது முதல் நாள் தலைப்பு. அவள் எழுதியது இதுதான்:

"நான் மூச்சாலையில் வால்வு பார்க்கிறேன். ஏழாம் வால்வு பொதுக்கூடத்துக்குக் காற்று போகும் குழாயில் இருக்கிறது. அதன் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறது. பக்கத்தில் விரலைக் கொண்டுபோனால் குளிர்கிறது. காற்றுமானி நாங்கள் அனுப்பும் காற்றைத்தான் எண்ணும். போய்ச் சேர்ந்த காற்றை எண்ணாது. அதனால் வளையம் விட்டுப்போனாலும் அபாய மணி அடிக்காது. கூடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டால் அலுப்பு. அடுத்தடுத்து மூன்று பேர் விட்டால் வால்வு. உடனே கதவைத் திறந்து எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். வளையத்தை மாற்றப் பத்து நிமிடம் போதும்."

மறுநாள் அமிர்தகடேசன் அவளைத் தனியே கூப்பிட்டார். அவளைவிட எட்டு வயது இளையவர். நல்ல மனிதர், ஆனால் விதிப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர்.

"பிலோமினாம்மா, இதைப் படிச்சுட்டு நேத்து என்னால பொதுக்கூடத்துப் பக்கம் போகவே முடியல."

"அப்ப நல்லா இருக்குன்னு சொல்லுதீயளா சார்?"

"அதுதான் பிரச்சினை. இவ்வளவு நல்லா இருந்தா எப்படிப் பாஸ் பண்ணுவீங்க?"

அவளுக்கு விளங்கவில்லை. தமயந்திதான் பிறகு விளக்கினாள். நன்றாக எழுதுகிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். நன்றாக எழுதுவது வீட்டிலிருந்து கொண்டு வருவது, அதில் கல்லூரியின் பங்கு என்ன என்று எவரோ கேட்டுவிட்டாராம். அன்றிலிருந்து வளர்ச்சிக்குத்தான் சான்றிதழ். வளர்மானி என்ற இயந்திரம் முதல் கட்டுரையையும் கடைசிக் கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுதியவர் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார் என்று அளந்து சொல்லும். நாற்பது அலகு வேண்டும்.

"அதனாலதான் அக்கா, முதல் நாள் எல்லாரும் படுமோசமா எழுதுவோம். கடைசி நாள் சாதாரணமா எழுதினாலே போதும், நாப்பது தாண்டிரும். உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

"யாரும் சொல்லலியே."

"மோசமா எழுதச் சொல்லித்தரதுக்கே மூணு மையம் இருக்கு" என்றாள் தமயந்தி, அவள்மேல் உண்மையாகவே இரக்கப்பட்டு.

பிலோமினா பேராசிரியரிடம் திரும்பப் போனாள். முதல் கட்டுரையைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாமா என்று கேட்டாள். பெட்டகத்தில் பூட்டியாகிவிட்டது என்றார். நீங்களே வால்வைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடுங்களேன், உங்களிடம்தான் சான்றிதழ் இருக்கிறதே என்று கேட்டாள். அவர் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார்.

"நான் மதிப்பிடறவன்மா, எழுதறவன் இல்ல. மதிப்பிடறவங்க எழுதக்கூடாதுன்னு இருபத்தேழாம் விதி. நீங்க இன்னும் வளரப் பாருங்க. நாலு மாசம் இருக்கு."

வளர்வது என்று முடிவான பிறகு பிலோமினா அரைமனதாக எதையும் செய்கிறவள் இல்லை. இரண்டாம் வாரம் முன்னுரை வந்தது. வால்வு ஒழுகுகிறது என்று சொல்வதற்கு முன்னால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டாள். காற்றின் பெருமையைச் சொல்ல வேண்டும் என்றார் பேராசிரியர். அதற்கும் முன்னால்? ஐம்பூதங்களின் பெருமையை. ஐந்தாம் வாரம் உட்தலைப்புகள் வந்தன. எட்டாம் வாரம் சான்றோர் கூற்று வந்தது; சான்றோர் எவரும் வால்வைப் பற்றி எதுவும் கூறியிருக்கவில்லை என்பதால், பொறுமையைப் பற்றிக் கூறியதை எடுத்து வைத்துக்கொண்டாள். பத்தாம் வாரம் 'எனவே', 'ஆகவே', 'இவ்வாறாக' என்ற மூன்றையும் எங்கெங்கே ஊற்றுவது என்று படித்தாள். வீட்டில் குழம்பில் உப்பு குறைந்தபோது, உணவில் உப்பின் இன்றியமையாமை பற்றி இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டுத்தான் உப்பை எடுத்தாள்.

அவள் புருஷன் சூசைராஜ் தண்ணீர்ப் பம்பு பார்க்கிறவன். முதல் நாள் கட்டுரையை மனப்பாடமாகச் சொல்லிக் காட்டியபோது, ஆறாவது வரியில் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வா, இப்பவே போய்ச் சொல்லுவோம்" என்றவன். இப்போது வாரா வாரம் புதிய கட்டுரையைக் கேட்கும் பொறுப்பும் அவனுக்குத்தான் வந்தது. பன்னிரண்டாம் வாரம் அவள் மூன்றாம் பக்கத்தைப் புரட்டியபோது குறட்டைச் சத்தம் கேட்டது.

"என்ன, தூங்கிட்டீயளா?"

"இல்ல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஐம்பூதம் வரைக்கும் வந்தாச்சு."

"ஐம்பூதம் மொத பக்கத்துலயே முடிஞ்சிட்டு."

சூசைராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "பிலோமி, கோவப்படாத. மொதல்ல நீ எழுதுனது இருக்கே, அதக் கேட்டப்ப என்னால உக்காந்திருக்க முடியல. இது கேக்குததுக்குத் தாலாட்டு மாதிரி சொகமா இருக்கு. வால்வு எங்க வருது?"

"ஏழாம் பக்கத்துல வருது. அதுக்கு முன்னால வந்தா அவசரப்பட்ட மாதிரி இருக்குமாம்."

அவன் திரும்பவும் படுத்துக்கொண்டான். நல்லதாகத்தான் எழுதுகிறேனா என்று அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. ஆனால் சான்றிதழ் இல்லாவிட்டால் வளையம் இல்லை, வளையம் இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் கூடத்திலிருந்து ஆட்களைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருக்கும். அந்த நினைப்பில் அடுத்த நாளும் வகுப்புக்குப் போனாள்.

கடைசி நாள் வந்தது. தலைப்பு எல்லா ஆண்டும் ஒன்றேதான்: 'இவ்வகுப்பில் எழுத்தாளராக நான் வளர்ந்த விதம்'. அதை எழுதும்போது தலையில் நெஞ்சுணரி என்ற தொப்பியைப் போட்டுக்கொள்ள வேண்டும். எழுதுகிறவர் தான் நம்பாத ஒன்றை எழுதினால் அது மணியடிக்கும். இவ்வளவு காலமாக அது அடித்ததே இல்லை. முதல் நாள் வேண்டுமென்றே மோசமாக எழுதியவர்கள்கூட, நாலு மாதத்தில் அதை மறந்துவிட்டு, தாங்கள் உண்மையாகவே வளர்ந்ததாக உளமார நம்பினார்கள். எழுதி முடித்தபோது தமயந்தியின் கண் கலங்கியிருந்தது.

பிலோமினா, "இவ்வகுப்பில் நான் வளர்ந்தேன்" என்று எழுதினாள். மணி அடித்தது. முப்பத்தொரு தலைகளும் திரும்பின. அந்த வரியை அடித்துவிட்டு, "ஓரளவு வளர்ந்தேன்" என்று எழுதினாள். கொஞ்சம் மெதுவாக அடித்தது. "வளர்ச்சி என்பது ஏற்பட்டிருக்கிறது என்று கூறினால் அது மிகையாகாது" என்று போட்டுப் பார்த்தாள். தொப்பி சற்றுத் தயங்கியது. பிறகு அதற்கும் அடித்தது.

வேறு வழியில்லாமல் அவள் உண்மையை எழுதினாள். வந்தபோது பதினொரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை; வந்தபோது என் புருஷன் கேட்டுவிட்டு எழுந்து நின்றான், இப்போது படுத்துவிடுகிறான் என்பதுதான் அவள் சொல்ல வந்தது. ஆனால் நாலு மாதப் பழக்கம் கையை விடவில்லை. மனிதனின் மாண்பிலிருந்து தொடங்கி, ஐந்து உட்தலைப்புகளும், பொறுமை பற்றிய சான்றோர் கூற்றும், எனவேயும் ஆகவேயும் இவ்வாறாகவுமாக, அந்த ஒப்புதல் வாக்குமூலம் எட்டுப் பக்கம் போயிற்று. ஒரு தடவைகூட மணி அடிக்கவில்லை.

வளர்மானி இரண்டு கட்டுரைகளையும் விழுங்கிவிட்டு, எழுபத்தொன்று என்று காட்டியது. கல்லூரி வரலாற்றில் அதற்கு முன் அதிகபட்சம் ஐம்பத்தெட்டு. வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது.

அமிர்தகடேசன் மட்டும் அவளைச் சன்னல் ஓரமாக அழைத்துப் போனார்.

"பிலோமினாம்மா, ஒண்ணு சொல்றேன், வெளிய சொல்லாதீங்க. அந்த மெஷின் தூரத்தைத்தான் அளக்கும். எந்தப் பக்கம் போனாங்கன்னு பாக்காது."

"ஏன் பாக்காது?"

"காலேஜுக்கு வந்தவங்க பின்னாடி போவாங்கன்னு அதைச் செஞ்சவங்களுக்குத் தோணியிருக்காது." அவர் சான்றிதழை அவள் கையில் வைத்தார். "எப்படியோ, கிடைச்சிருச்சு. போய் உங்க வால்வைப் பத்தி எழுதுங்க."

அவள் அன்றே உட்கார்ந்து எழுதினாள். பழைய மாதிரி எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தாள். "ஏழாம் வால்வு" என்று தொடங்கியதும் கை கூசியது. பெரிய இடத்துக்குப் போகும் அறிக்கை, இப்படி மொட்டையாக ஆரம்பித்தால் படிக்காதவள் என்று நினைத்துவிட மாட்டார்களா? ஒரே ஒரு முன்னுரை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று நினைத்தாள். முன்னுரை வந்த பிறகு முடிவுரை இல்லாமல் எப்படி விடுவது? அறிக்கை ஒன்பது பக்கம் வந்தது. வால்வு எட்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது.

நிர்வாகத்திலிருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. தலைமை நிர்வாகி வரதகுட்டி முதல் இரண்டு பக்கங்களைப் படித்து நெகிழ்ந்துவிட்டாராம். மூச்சாலையிலிருந்து இப்படி ஓர் எழுத்தா என்று வியந்து, வரும் ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அதைப் பொதுக்கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் வாசிக்க ஏற்பாடு செய்திருந்தார்.

"வளையம் தருவாவளா?" என்று கேட்டான் சூசைராஜ்.

"வாசிச்சு முடிச்சதும் தருவாவ. எல்லாரும் கேக்கப் போறாவல்லா."

கூடம் நிரம்பி வழிந்தது. இத்தனை பேர் அங்கே ஒரே நேரத்தில் கூடி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வரதகுட்டியே மேடையில் நின்று கணீரென்ற குரலில் வாசித்தார். ஐம்பூதங்கள் முடிந்து காற்றின் பெருமை தொடங்கியபோது, சூசைராஜ் கொட்டாவி விட்டான். பிலோமினா கண்டுகொள்ளவில்லை, அவன் வழக்கம் அது. நாலாம் பக்கத்தில் முன்வரிசைக்காரர்கள் விட்டார்கள். பொதுக்கூட்டத்தில் கொட்டாவி விடுவது முத்துக்குழியிலும் பழைய சம்பிரதாயம்தான், யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பேராசிரியர் கையால் வாயை மறைத்துக்கொண்டார். ஐந்தாம் பக்கத்தின் நடுவில், 'குழாய்கள்: ஒரு வரலாற்றுப் பார்வை' என்ற உட்தலைப்பில், பிலோமினாவுக்கே ஒரு கொட்டாவி வந்தது.

அவள் விறைத்து உட்கார்ந்தாள். அடுத்தவர் எழுத்துக்கு யார் வேண்டுமானாலும் கொட்டாவி விடலாம். தான் எழுதியதை ஒருவர் மேடையேறி வாசிக்க, நூற்றுக்கணக்கான பேர் கேட்க, அதற்குக் கொட்டாவி விட்ட எழுத்தாளர் பூமியிலும் இல்லை, நிலவிலும் இல்லை. அப்படியானால் இதற்குக் காரணம் எழுத்து இல்லை, வால்வு.

அவள் நாற்காலிமேல் ஏறி நின்றாள்.

"ஏழாம் வால்வு போயிட்டு. காத்து வரல. கதவத் தொறந்துட்டு எல்லாரும் வெளிய போங்க."

வரதகுட்டி வாசிப்பதை நிறுத்திவிட்டு, "அம்மா, அந்தக் கட்டம் இன்னும் வரல" என்றார்.

ஆனால் சூசைராஜ் எழுந்துவிட்டான். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் குரலில் அந்தப் பழைய கட்டுரை அவனுக்குக் கேட்டது. கதவை நோக்கி ஓடினான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள், வெளியே போனதும் தெளிந்துவிட்டார்கள். பண்டகசாலைக்காரர் கூட்டத்தோடு கூட்டமாக இருந்ததால், அறிக்கை எதுவும் இல்லாமலே ஓடிப்போய் ஒரு வளையத்தை எடுத்துவந்தார். மாற்றப் பத்து நிமிடம் ஆனது.

பிலோமினா அன்று வீட்டுக்கு வந்து அழுதாள். மூன்றாண்டு சொல்லிச் சொல்லி, கடைசியில் தன் எழுத்தே அத்தனை பேரையும் பூட்டி வைத்துக்கொண்டிருந்ததே என்று அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, முன்னுரை கேட்ட கையை அதட்டிவிட்டு, நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுதினாள்:

"ஏழாம் வால்வின் வளையத்தை மாற்றிவிட்டேன். எட்டாம் வால்வின் வளையமும் வெடித்திருக்கிறது. அது நிர்வாக அலுவலகத்துக்குப் போகும் குழாய். இன்றே ஒரு வளையம் வேண்டும்."

சான்றிதழ்காரர்கள் எழுதுவது எதுவானாலும் நிர்வாகத்துக்குப் போகும் வழியில் வளர்மானிக்குள் புகுந்துதான் வர வேண்டும். இயந்திரம் அந்த நாலு வாக்கியத்தையும் அவளுடைய ஒன்பது பக்கத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தது. எழுபத்தொன்று என்றது.

ஒரே ஆண்டில் இரண்டு முறை எழுபத்தொன்று வளர்ந்தவர் என்று ஊரெல்லாம் பேச்சாயிற்று. மறுநாள் காலை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வளையத்துக்காகத்தான் என்று நினைத்து, பிலோமினா கையோடு ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு போனாள்.

அலுவலகச் சுவரில், பளபளவென்ற சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால் அவளுடைய நாலு வாக்கியம் மாட்டியிருந்தது. கீழே 'வளர்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு' என்று எழுதியிருந்தார்கள். அதன் முன்னால் வரதகுட்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"என்ன ஒரு எளிமை" என்றார். "ஒரு சொல் கூடுதலா இல்ல, ஒரு சொல் குறைவா இல்ல. வர்ற வருஷத்திலிருந்து கல்லூரியில இதைப் பாடமா வைக்கச் சொல்லியிருக்கேன்."

"ஐயா, படிச்சுப் பாத்தீயளா?"

"பாத்தேனாவா? மூணு தடவை படிச்சேன்மா. அந்த மூணாவது வாக்கியம் இருக்கே, 'அது நிர்வாக அலுவலகத்துக்குப் போகும் குழாய்', என்ன ஒரு அமைதி அதுல." சொல்லிக்கொண்டே வாயைப் பொத்தி நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். "மன்னிக்கணும், காலையிலேருந்தே ஒரு மாதிரி அலுப்பா இருக்கு."

மேசையில் இருந்த எழுத்தர் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தானும் ஒன்று விட்டார்.

அந்த நேரம் பார்த்து அமிர்தகடேசன் வாழ்த்துச் சொல்ல உள்ளே வந்தார். பிலோமினா ஒரு கையால் கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.